புது ஷூ காலைக் கடித்தால்

ஹோட்டல் வேலைக்குச் சேரும் நம் பெண்களுக்கு முதல் மாதம் பெரும்பாடு கால்தான். ஆங்கிலம், கணினி, கோபப்படும் விருந்தினர் எல்லாவற்றையும் எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள். மூடின கறுப்பு ஷூவைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நிற்பது மட்டும் உயிரை வாங்குகிறது. மியான்மரின் யாங்கோனில் ஒரு ஹோட்டல் வரவேற்பு மேசையில் பல வருடங்களாக நிற்கிறவள் நான். இப்போது அண்ணன் மகளும் வேறொரு ஹோட்டலில் சேர்ந்திருக்கிறாள். முதல் வாரம் முடிவதற்குள் கெந்திக்கெந்தி என் வீட்டுக்கு வந்து, "என் கால்தான் சரியில்லை போல, அத்தை" என்றாள். அதைக் கேட்டு எனக்கு மனசே கேட்கவில்லை. அவளுக்குச் சொன்னதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன், அடுத்து சேரும் பெண்ணுக்கும் உதவட்டும்.

அவள் கால் நல்ல கால். இந்த ஊரில் பள்ளிக்கூடத்துக்கும் செருப்பு, சந்தைக்கும் செருப்பு, கல்யாணத்துக்கு மாண்டலே வெல்வெட் செருப்பு. அப்படி வளர்ந்த காலில் விரல்கள் ஒன்றை ஒன்று நெருக்காமல் விரிந்து இருக்கும், முன்பாதம் அகலமாக இருக்கும். வெறுங்காலோடு நடந்தே பழகிய தென்னிந்தியர்களின் பாதங்களை அளந்து 2009இல் ஒரு ஆய்வு வந்தது. ஷூ போட்டு வளர்ந்தவர்களைவிட அவர்கள் பாதம் அகலம், நடக்கும்போது உடல் எடை பாதம் முழுக்கப் பரவி இறங்குகிறது என்று அதில் கண்டார்கள். ஆகவே மாற வேண்டியது ஷூதான். "பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு போடு, சரியாகிவிடும்" என்று சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அகலத்தில் உள்ள குறையை ஓரளவு சரிசெய்யலாம், நீளத்தில் உள்ள குறையைச் சரிசெய்யவே முடியாது. கட்டைவிரல் நுனி முன்னால் முட்டினால் அந்த ஷூ உங்களுக்கானது இல்லை. எந்த எண்ணெயும் எந்த வித்தையும் அதை நீட்டாது. இங்கே கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் தாய்லாந்து, சீனச் சரக்கு. 36, 37, 38 என்று போட்டிருக்கும் எண் நீளத்துக்கு மட்டும்தான். ஒரு எண் கூடினால் ஏறக்குறைய 6.7 மில்லிமீட்டர் நீளம் கூடும், அகலம் கொஞ்சம்தான் கூடும். அகலம் வேண்டும் என்று இரண்டு எண் பெரிதாக வாங்கினால் குதிகால் நழுவும், ஏறி இறங்கும், பின்னால் கொப்புளம் வரும். ஒரு கடியை விட்டு இன்னொரு கடியை வாங்கிக்கொள்கிற கதை அது.

வாங்கப் போகிறவர்கள் வேலை முடிந்து சாயங்காலம் போங்கள். நின்று நின்று கால் வீங்கியிருக்கும், அந்தக் காலுக்குத்தான் ஷூ வேண்டும். வீட்டிலேயே ஒரு காகிதத்தில் நின்று இரண்டு பாதத்தையும் சுற்றி வரைந்து எடுத்துப் போங்கள். ஒரு கால் சற்றுப் பெரிதாக இருக்கும், அதற்கு வாங்குங்கள். ஷூவுக்குள் இருக்கும் உள் அட்டையைக் கழற்ற முடிந்தால் தரையில் போட்டு அதன் மேல் நின்று பாருங்கள். சுண்டுவிரல் அட்டையை விட்டு வெளியே வழிந்தால் அந்த விரல்தான் நாளைக்கு நெரிபடப் போகிறது. போஜோக் சந்தைக் கடைக்காரர்களுக்கு இதையெல்லாம் பார்க்கப் பொறுமை இருக்கும், கூச்சப்பட வேண்டாம்.

சரி, அண்ணன் மகளின் ஷூவுக்கு வருவோம். அவளுக்கு நீளம் போதும். கடித்தது பின்பக்கம். ஷூவுக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். குதிகால் விளிம்பில் தோலை உள்ளே மடித்துத் தைத்திருந்த இடத்தில், தையல் ஒரு கோடாகப் புடைத்துக்கொண்டிருந்தது. அதோடு விளிம்பே சற்று உள்ளே சாய்ந்து போயிருந்தது. காரணமும் தெரிந்தது. நம் ஊரில் ஒரு நாளைக்கு எத்தனை முறை காலணியைக் கழற்றுகிறோம்! வீடு, கோயில், பௌத்தர்களின் பகோடா, பணியாளர் அறை, எல்லா இடத்திலும் கழற்று, மாட்டு. செருப்பில் பழகிய கால் அவசரத்தில் ஷூவின் பின்பக்கத்தை மிதித்துக்கொண்டே நுழையும். உள்ளே இருக்கும் விறைப்பான அட்டை ஒரு தடவை மடிந்துவிட்டால் அந்த மடிப்பு குதிகால் தசைநாரின் மேலேயே உட்காரும். (பகோடாவில் சாக்ஸ்கூட ஆகாது என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். 1919இல் மாண்டலேயின் எய்ன்தாயா பகோடாவில் ஷூவோடு நுழைந்த ஐரோப்பியர்களைப் பிக்குகள் அடித்து விரட்டினார்கள். அதன் பிறகுதான் காலணி விஷயத்தை அந்தந்த மடத்துத் தலைமைப் பிக்கு முடிவு செய்யட்டும் என்று வெள்ளைக்கார அரசு இறங்கி வந்தது.) கழற்றும் பழக்கம் நல்ல பழக்கம், அதை விட வேண்டாம். ஒரு கரண்டிக் காம்பைப் பையில் வைத்துக்கொண்டு, குதிகாலை அதன் மேல் வழுக்கி இறக்குங்கள், பின்பக்கம் மடியாது.

புடைத்த தையலுக்கு அவளை அனோராட்டா சாலைப் பக்கம், காளி கோயிலுக்கு அருகே நடைபாதையில் உட்காரும் செருப்பு தைக்கும் தாத்தாவிடம் கூட்டிப் போனேன். அவர் ஷூவைக் கையில் வாங்கியதும் வெளியே பார்க்கவே இல்லை. கட்டைவிரலை உள்ளே விட்டு அழுத்திக்கொண்டே போனார், புடைப்பு வந்த இடத்தில் விரல் நின்றது. ஈரத்துணியை அங்கே சிறிது நேரம் வைத்தார். பிறகு ஷூவை மூன்று கால் இரும்பின் மேல் கவிழ்த்து, சுத்தியலின் உருண்டைப் பக்கத்தால் தட்டினார். ஓங்கி அடிக்கவில்லை, மணிக்கட்டை மட்டும் அசைத்துச் சின்னச் சின்னத் தட்டு. தட்டத் தட்ட அந்தக் கோடு தட்டையாகிக்கொண்டே வந்தது. கடைசியில் மெல்லிய ஆட்டுத்தோல் துண்டு ஒன்றை ஓரம் சீவி அதன் மேல் ஒட்டினார். ஓரம் சீவாமல் ஒட்டினால் அந்த ஓரமே புதுசாகக் கடிக்கும் என்றார். அப்புறம், "இன்னைக்கு போடாதம்மா, பசை காயட்டும்" என்று சொல்லி, ஒரு தேநீர் விலைகூட வாங்கவில்லை. நான் வற்புறுத்திக் கொடுத்துவிட்டு வந்தேன். அத்தனை கைவேலைக்கு அது போதவே போதாது.

முன்பக்கம் இறுக்கமாக இருப்பவர்கள் முதலில் ஷூ தோலா ரெக்சினா என்று பாருங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் தோலில் நுண்ணிய சுருக்கங்கள் விழும், வெட்டிய ஓரத்தில் நார் நாராகத் தெரியும். ரெக்சினின் பின்புறம் துணியாக இருக்கும். தோல் என்பது நார்ப்பின்னல். ஈரமும் சூடும் பட்டால் இளகும், எந்த வடிவத்தில் காய்கிறதோ அந்த வடிவத்தில் நிற்கும். ரெக்சின் இழுத்தால் திரும்பிப் பழைய இடத்துக்கே வரும், ரொம்ப இழுத்தால் வெடிக்கும். ரெக்சின் ஷூ முன்னால் இறுக்கினால் அதோடு போராட வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

இணையத்தில் ஹேர் டிரையர் வைத்துச் சூடுபடுத்தச் சொல்கிறார்கள். பிளாஸ்டிக் பையில் தண்ணீர் நிரப்பி ஷூவுக்குள் வைத்து ஃப்ரீசரில் வைக்கவும் சொல்கிறார்கள். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும், அந்தக் கணக்கு சரிதான். ஆனால் மின்சாரம் முறைவைத்து வரும் ஊரில் ஃப்ரீசரை நம்பி என்ன செய்வது? உறைவதற்குள் போய்விடும். டிரையரும் அப்படியே, அதோடு சூடு கூடினால் அடிப்பாகத்துப் பசை விட்டுப்போகும். மின்சாரம் வேண்டாத வழியையே நான் சொல்வேன். துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து, இறுக்கும் இடத்தை உள்பக்கமாக ஒற்றி எடுங்கள். தடித்த சாக்ஸ் போட்டு ஷூவை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் சமையல் செய்யுங்கள், துணி மடியுங்கள், பூஜைக்குப் பூ கட்டுங்கள். தோல் காலிலேயே காய வேண்டும். ஒரே ராத்திரியில் இளகாது, சில நாள் தொடர்ந்து செய்ய வேண்டும். வேலைக்கு முதன்முதலாகப் போடும் நாளில் ஷூ உங்கள் காலை ஏற்கெனவே அறிந்திருக்க வேண்டும். சுண்டுவிரல் மூட்டு ஒன்று மட்டும் இடித்தால், தாத்தாவிடம் கொடுத்தால் கால் வடிவ மரக்கட்டையில் அந்த இடத்தில் மட்டும் ஒரு தோல் துண்டு வைத்து ஒரு ராத்திரி ஏற்றி வைப்பார். வெளியே பார்த்தால் தெரியாது.

கொப்புளம் எப்படி வருகிறது என்று தெரிந்தால் தடுப்பது எளிது. மேல்தோல் உரசித் தேய்வதால்தான் வருகிறது என்று பலரும் நினைக்கிறோம். உண்மையில், தோல் சாக்ஸோடு ஒட்டிக்கொண்டு நிற்க, உள்ளே எலும்பு நகர்ந்துகொண்டே இருக்கிறது. நடுவில் அகப்பட்ட தோலடுக்கு இழுபட்டுக் கிழிய, அந்த இடைவெளியில் நீர் கோக்கிறது. ஈரமான தோல் இன்னும் அதிகமாக ஒட்டும். மே கடைசியிலிருந்து அக்டோபர் வரை விடாத மழை, காலெல்லாம் கசகசப்பு. யாங்கோனில் மழைக்காலத்தில் கொப்புளம் கூடுவது இதனால்தான்.

இதற்கு நான் கண்ட நல்ல மருந்து மருந்துக்கடையில் விற்கும் வெள்ளைப் பேப்பர் பிளாஸ்திரி. ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் பல நாள் ஓடும் நெடுந்தூர ஓட்டக்காரர்களின் காலில் இதை ஒட்டிப் பார்த்து, ஒட்டிய இடங்களில் கொப்புளம் வெகுவாகக் குறைந்ததை 2016இல் வெளியிட்டார்கள். கடிக்கும் இடம் தெரிந்ததும், காலையில் கால் உலர்ந்திருக்கும்போதே சுருக்கம் இல்லாமல் ஒட்டுங்கள். ராத்திரி குளித்து நனைந்த பிறகு மெதுவாக எடுங்கள். சாக்ஸ் முழுப் பருத்தியாக இருந்தால் வியர்வையைக் குடித்துவிட்டு ஈரத்தோடு உட்கார்ந்திருக்கும். மெல்லிய கலப்பு நூல் சாக்ஸ் நல்லது, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு போட்டால் இன்னும் நல்லது, உரசல் அந்த இரண்டுக்கும் நடுவில் போய்விடும். அம்மா வெயில் நாளில் பாதத்திலும் தனகா (மரப்பட்டையை அரைத்த பூச்சு) தடவுவார், குளிர்ச்சிக்கு அது சரி. மூடின ஷூவுக்குள் மட்டும் வேண்டாம், வியர்வையில் குழைந்து திட்டுத்திட்டாக உருளும்.

மழையில் வேலைக்குப் போகும்போது ரப்பர் செருப்பில் போங்கள். ஷூ பைக்குள் இருக்கட்டும். நனைந்துவிட்டால் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, நனைய நனைய மாற்றுங்கள். அடுப்புப் பக்கமோ வெயிலிலோ வைத்தால் தோல் விறைத்து, பழையபடி கடிக்க ஆரம்பிக்கும். விசேஷத்துக்கென்று எடுத்து வைத்த ஷூவை அலமாரியிலேயே வைத்திருக்காமல் அவ்வப்போது போடுங்கள். சில ஷூக்களின் பாலியூரிதேன் அடிப்பாகம் இந்த ஊர் ஈரப்பதத்தில் சும்மா இருந்தே பொடிப்பொடியாக உதிரும்.

ஹீல் ஷூ போட்டே ஆக வேண்டியவர்களுக்கு வலி விரலடி மேட்டில்தான் வரும், எடை முழுக்க அங்கே இறங்குகிறது. மெத்தைத் துண்டை வலிக்கும் இடத்துக்கு அடியிலேயே வைக்காமல், அதற்குச் சற்றுப் பின்னால் வையுங்கள். எடை பின்னால் நகரும்.

வெல்வெட் செருப்பைப் பற்றியும் கேட்டாள். விரலிடுக்கில் வார் அறுக்கிறது என்றால் எண்ணெய் தடவாதீர்கள், வெல்வெட் கெட்டுப்போகும். வாரின் அடியில் மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றி இரண்டு தையல் போட்டால் போதும்.

வீட்டில் சர்க்கரை நோய் உள்ள பெரியவர்கள் இருந்தால், மேலே சொன்ன எதையும் அவர்களிடம் செய்து பார்க்காதீர்கள். உணர்ச்சி குறைந்த காலுக்குக் கடிப்பதே தெரியாது, தெரியும்போது புண்ணாகியிருக்கும். ஷூவோ செருப்போ போடுமுன் உள்ளே கைவிட்டுப் பாருங்கள், கழற்றியதும் பாதத்தின் அடியை நீங்களே பாருங்கள். ஒரு சிவப்புத் தழும்பு இருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். மற்றவர்களும் கொப்புளத்தின் மேல்தோலை உரிக்க வேண்டாம், அதுதான் உள்ளே இருக்கும் பச்சைத் தோலுக்கு மூடி.

மேற்பார்வையாளரிடம் பேசவும் தயங்காதீர்கள். பிலிப்பைன்ஸில் 2017இல் தொழிலாளர் துறையே, ஹீல் ஷூ போடும்படி பெண்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது, நின்று வேலை செய்பவர்களுக்கு உட்கார நேரம் கொடுக்க வேண்டும் என்று ஆணை போட்டது. இங்கே அப்படி ஒன்று நம் கையில் இல்லாவிட்டாலும் கேட்டால் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அண்ணன் மகள் கேட்டாள். கறுப்பாக, மூடினதாக, அலங்காரம் இல்லாததாக இருந்தால் சொந்த ஷூவே போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். வருகிற ஞாயிறு சாயங்காலம் காகிதத்தில் கால் வரைந்துகொண்டு அவளோடு சந்தைக்குப் போகிறேன்.