ஊசி வழியாக எது வெளியே போகிறது? டைப் 3 சுரப்பை நான் படித்த விதம்

சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் லைஃப் சயின்ஸ் எழுதப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன், அதிலும் நான்காவது யூனிட்டில் வரும் கிருமி–ஓம்புயிரி பகுதியை இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்காக. முதல் முறை நானும் அப்படித்தான் நினைத்தேன். டைப் 3 சுரப்பு அமைப்பு என்றால் ஊசி மாதிரி ஒன்று, பாக்டீரியா அதன் வழியாகப் புரதத்தை நம் செல்லுக்குள் செலுத்தும், யெர்சினியா, சால்மொனெல்லா, ஷிகெல்லா, சூடோமோனாஸ் எல்லாவற்றிலும் உண்டு. என் நோட்டில் இருந்தது இவ்வளவுதான். பார்ட் பி-க்கு ஓரளவு கைகொடுக்கும், பார்ட் சி-யில் நிச்சயம் போதாது. அங்கே 75 கேள்வியில் 25 எழுதினால் போதும், ஒன்றுக்கு 4 மதிப்பெண், தப்பானால் 1 போய்விடும், அதனால் அரைகுறையாகத் தெரிந்த பாடம் தெரியாத பாடத்தைவிட ஆபத்து.

ஒரு மாதிரித் தேர்வில்தான் எனக்கு இது உறைத்தது. சூடோமோனாஸ் ஏருஜினோசா, ஊசியே கட்ட முடியாத மியூட்டன்ட் (மரபணு மாறிய வகை), கால்சியத்தை எடுத்துவிட்டால் எஃபெக்டர் (ஊசி வழியாகச் செலுத்தப்படும் புரதம்) மரபணுக்களின் டிரான்ஸ்கிரிப்ஷன், அதாவது மரபணுவிலிருந்து ஆர்என்ஏ படியெடுப்பது, என்ன ஆகும் என்று கேட்டிருந்தார்கள். ஊசி இல்லையென்றால் சுரப்பு இருக்காது, சரி, ஆனால் மரபணு ஏன் நிற்க வேண்டும், உள்ளே அது பாட்டுக்கு ஓடும் என்று நினைத்து ‘கூடும்’ என்று குறித்தேன். தப்பு. ஏன் தப்பு என்று தேடிப் போனதில்தான் பாடம் முழுக்கத் திறந்தது.

நான்கு புரதங்கள்: எக்ஸ்எஸ்ஏ, எக்ஸ்எஸ்டி, எக்ஸ்எஸ்சி, எக்ஸ்எஸ்ஈ. நோட்டில் ஏ, டி, சி, ஈ என்று மட்டும் எழுதுங்கள், பெயர் நீளமானால் கண் குழம்பும். ஏ தான் ஊசிக்கும் எஃபெக்டருக்கும் உரிய மரபணுக்களை முடுக்கிவிடுவது. டி அதைப் பிடித்து முடக்கி வைக்கும். சி வந்தால் டி-யைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். ஆனால் சாதாரண நேரத்தில் சி-யை ஈ பிடித்து வைத்திருக்கிறது. இப்போது பாக்டீரியா நம் செல்லைத் தொடுகிறது, அல்லது ஆய்வகத்தில் ஈஜிடிஏ என்ற ரசாயனத்தை ஊற்றிக் கால்சியத்தைப் பிடித்துவிடுகிறோம். ஊசி திறக்கிறது, ஈ அதே ஊசி வழியாக வெளியே போய்விடுகிறது. சி-யின் கை காலியாகிறது, டி-யைப் பிடிக்கிறது, ஏ விடுபடுகிறது. அதாவது ஊசி வேலை செய்கிறதா என்பதைக் கிருமி தன் சரக்கு வெளியே போனதை வைத்தே தெரிந்துகொள்கிறது! இதைப் புரிந்துகொண்ட அன்று உண்மையிலேயே எழுந்து நடந்தேன், உட்கார்ந்திருக்க முடியவில்லை.

இனி மியூட்டன்ட் போட்டுப் பாருங்கள். ஈ-யை நீக்கினால் கால்சியம் இருந்தாலும் டிரான்ஸ்கிரிப்ஷன் ஓடும். டி-யை நீக்கினாலும் அப்படியே. சி-யை நீக்கினால் நின்றுவிடும். சி, டி இரண்டும் இல்லையென்றால்? ஏ-வைப் பிடிக்க ஆளே இல்லை, ஓடும். சி, ஈ இரண்டும் இல்லையென்றால் டி-யைத் தடுக்க யாருமில்லை, நிற்கும். ஊசி கட்ட முடியாவிட்டால் ஈ உள்ளேயே மாட்டிக்கொள்ளும், அதனால் நிற்கும். நான் கோட்டை விட்டது இங்கேதான். ஊசியும் இல்லை, ஈ-யும் இல்லை என்றால் டிரான்ஸ்கிரிப்ஷன் ஓடும், சுரப்பு இருக்காது. இந்தக் கடைசி வகையைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பாருங்கள், ஏனென்றால் டிரான்ஸ்கிரிப்ஷனும் சுரப்பும் இரண்டு வேறு பூட்டுகள். ஈ-யை நீக்கிய கிருமியில் மரபணு ஓடினாலும், கால்சியம் இருக்கும்வரை வாயிலில் பாப்என் என்ற இன்னொரு புரதம் சுரப்பைத் தடுத்து நிற்கிறது.

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு என்று கேட்டால், யெர்சினியாவைப் பாருங்கள். 37 டிகிரியில் கால்சியம் இல்லாமல் வளர்த்தால் புரதத்தைக் கொட்டும், வளர்ச்சி நின்றுவிடும். கால்சியத்தைப் பிடிக்கும் ஆக்சலேட் சேர்த்த தட்டில் குண்டூசித் தலை அளவுக்கு மட்டும் காலனிகள், நடுவே அங்கங்கே பெரிதாக ஒன்றிரண்டு. பெரியவை, ஊசிக்கான மரபணுக்களைச் சுமக்கும் பிளாஸ்மிடையே (தனி டிஎன்ஏ வளையம்) தொலைத்துவிட்டவை. அந்தப் படத்தைப் பார்த்த பிறகு சுரப்புக்குக் கிருமி என்ன விலை கொடுக்கிறது என்பதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அங்கே எல்சிஆர்கியூ என்ற தடுப்பான் செல்லைத் தொட்டதும் ஊசி வழியாக வெளியேறுகிறது, கணக்கு அதேதான்.

அப்புறம் ஷிகெல்லா. அதில் கொஞ்சம் மாற்றம்: வெளியே போவது தடுப்பான் இல்லை. ஐபிஏபி, ஐபிஏசி இரண்டும் சரக்கு. அவை போனதும் அவற்றைத் தாங்கிக்கொண்டிருந்த ஐபிஜிசி என்ற சாப்பரோன் (துணைப் புரதம்) காலியாகி, எம்எக்ஸ்ஐஈ என்ற புரதத்தோடு சேர்ந்து அடுத்த தொகுதி மரபணுக்களை இயக்குகிறது. வயிற்றுப்போக்கு தரும் ஈ.கோலையில் டிர் என்ற எஃபெக்டர் போனதும் அதன் சாப்பரோன் செஸ்டி காலியாகி, சிஎஸ்ஆர்ஏ என்ற கட்டுப்பாட்டுப் புரதத்தைப் பிடிக்கிறது. எந்தக் கிருமி வந்தாலும் நான் முதலில் கேட்பது இந்த இரண்டு கேள்விதான்: ஊசி வழியாக எது போகிறது, அது போனதால் உள்ளே யார் கை காலியாகிறது.

சால்மொனெல்லா மட்டும் தனியாகப் படியுங்கள், அதற்கு இரண்டு ஊசி அமைப்புகள். முதலாவது செல்லுக்குள் நுழைய. இரண்டாவது உள்ளே போன பிறகு, பை மாதிரியான வாக்குவோலுக்குள் இருந்துகொண்டு. அந்தப் பை அமிலம், பிஹெச் 5 போல. ஊசி பையின் சுவரைத் துளைத்ததும் மறுபக்கத்தில் 7.2. அந்த மாற்றம் தெரிந்ததும் வாயிலை அடைத்திருந்த மூன்று புரதக் கூட்டு கலைந்து எஃபெக்டர்கள் புறப்படுகின்றன. இதில் கேள்வி பெரும்பாலும் பிஹெச் மாற்றத்தை வைத்துத்தான் சுற்றும்.

தேர்வுக்கு முந்தைய வாரம் தினமும் காலையில் வெற்றுத்தாளில் ஏ, டி, சி, ஈ எழுதி அம்பு போட்டு, ஏழு மியூட்டன்டுக்கும் இரண்டு நெடுவரிசை வரைவேன், ஒன்று டிரான்ஸ்கிரிப்ஷன், ஒன்று சுரப்பு. முதல் நாள் இருபது நிமிடம் ஆனது, கடைசி நாள் நாலு.