மாமி சாவி கொடுத்த மணிக்கூடு

கோடிக்கணக்கில் விலை போகிற மணிக்கூட்டைக் கையில் கட்டிக்கொண்டு, பின்னேரக் கோச்சியின் வாசல் கம்பியில் தொங்கிக்கொண்டு போகிற மனுசரை நீங்கள் கண்டிருக்கிறீர்களா? நான் போன வெள்ளிக்கிழமை கண்டேன். எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை. மாமிக்கு ஒன்றுமே ஆகவில்லை. அன்றிரவு இரண்டு இடியப்பம் கூடவே சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்.

மாமியைப் புறக்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போவது என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சாமத்தியச் சடங்குக்கு ஒரு சீலை எடுக்கப் போய், மெயின் ஸ்ட்ரீட்டில் இருக்கிற சீலை எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்து, கடைசியில் முதல் கடையிலேயே எடுத்துக்கொண்டு திரும்பினோம். வருகிற வழியில் கான் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நின்றார். 1923இல் பார்சிக் குடும்பம் ஒன்று கட்டிய கோபுரம் அது. கொழும்புக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துத் தங்கள் கைமணிக்கூட்டைச் சரிபார்ப்பார்கள். மாமி தன் கைமணிக்கூட்டைப் பார்த்து, பிறகு கோபுரத்தை அண்ணாந்து பார்த்து, "பரவாயில்லை" என்றார். கோபுரம் பாஸ்.

மாமிக்கும் நேரத்துக்கும் உள்ள தொடர்பு அப்படி. 1996 மே மாதம், மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறோம் என்று சொல்லி அரசாங்கம் நாட்டு மணிக்கூடுகளை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது ஞாபகம் இருக்கும். ஒக்டோபரில் அதில் அரை மணித்தியாலத்தைத் திருப்பிப் பிடுங்கியது. வீட்டில் எல்லா மணிக்கூடும் புதிய நேரத்துக்கு மாறின, சாமியறை மணிக்கூட்டைத் தவிர. "ராகுகாலம் அரசாங்கம் சொல்லி மாறாது" என்று மாமி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். நான் அந்த வீட்டுக்கு மருமகனாகப் போன புதிதில், எத்தனை மணிக்குச் சாப்பாடு என்று கேட்டால், பழைய நேரமோ புதிய நேரமோ என்று திருப்பிக் கேட்பார்கள். அரை மணித்தியாலப் பசி அந்தப் பதிலில் தொங்கும். கடைசியில் 2006 சித்திரைப் புத்தாண்டோடு நாடு பழைய நேரத்துக்கே திரும்பியது. வீடு முழுக்க நாற்காலி போட்டு ஏறி மணிக்கூடு திருத்தினோம். சாமியறை மணிக்கூட்டை மட்டும் ஒருவரும் தொடவில்லை. மாமி ஒரு சொல் சொல்லவில்லை. தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

இப்படிப்பட்டவருக்கு மருமகனாக வாய்த்தவன் மணிக்கூட்டுப் பைத்தியம் என்பது கடவுளின் பகிடி. அதுவும் சரியான நேரம் காட்டுகிற மணிக்கூடு என்றால் கூட மாமி மன்னித்திருப்பார். நான் விழுந்து கும்பிடுகிற மணிக்கூடுகள், பற்றரி போட்ட ஆயிரம் ரூபா மணிக்கூட்டிடம் நேரத்தில் தோற்றுப்போகிற சாதி. நடிகர்களையும் கிரிக்கெட்காரர்களையும் வைத்து விளம்பரம் போடுகிற பெரிய கம்பனிகளையும் நான் சொல்லவில்லை. தன் பெயரைத் தானே முகப்பில் எழுதி, சின்னப் பட்டறையில் குந்தியிருந்து வேலை செய்கிற தனியாட்களைச் சொல்கிறேன்.

சுவிஸில் பிலிப் டுஃபோர் என்றொரு மனுசர். ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் பட்டறை. 2000இல் 'சிம்பிளிசிற்றி' என்று ஒன்றைக் கொண்டுவந்தார். மணி, நிமிடம், செக்கன், வேறொன்றும் இல்லை. இருநூறு சொச்சம் செய்வதற்கு அவருக்குப் பல வருசம் போனது. உள்ளே சக்கரங்களைத் தாங்கிப் பிடிக்கிற பாலத்தகடுகளின் விளிம்பைச் சரிவாகச் சீவி, ஜென்ஷியன் என்கிற மலைச்செடியின் காய்ந்த தண்டால் தேய்த்துத் தேய்த்து மினுக்குவார். இரண்டு விளிம்பு உள்நோக்கிச் சந்திக்கிற மூலை இருக்கிறதே, அதைக் கூராக எடுக்க இயந்திரத்தால் ஏலாது, கைதான் வேண்டும். மூடியைத் திருப்பிப் பார்த்தால் ஒழிய அந்த மூலை ஒருவர் கண்ணிலும் படாது. இங்கிலாந்தில் ரோஜர் ஸ்மித் இளம் வயதில் ஒரு பொக்கற் மணிக்கூட்டைத் தன் கையால் செய்து, மான் தீவில் இருந்த பெரிய மணிக்கூட்டுக்காரர் ஜோர்ஜ் டானியல்ஸிடம் கொண்டுபோய்க் காட்டினார். டானியல்ஸ், மாமி எங்கள் வீட்டுக்காரியின் முதல் புட்டைத் திருப்பி அனுப்பியதுபோல, கையால் செய்தது அப்பட்டமாகத் தெரிகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்ததைச் செய்து முடிக்க ஸ்மித்துக்கு ஐந்து வருசத்துக்கு மேல் எடுத்தது. பிறகு அவரையே டானியல்ஸ் தன்னோடு சேர்த்துக்கொண்டார். புட்டுக் கதை இன்னும் முடியவில்லை.

இதையெல்லாம் இரவு பன்னிரண்டு மணிக்குப் போனில் பார்த்துக்கொண்டு படுத்திருந்தால், "இஞ்சேருங்கோ, அந்த ஸ்க்ரூவைப் பாத்தது காணும், லைற்றை நிப்பாட்டுங்கோ" என்று குரல் வரும்.

எங்கள் சுவிஸ் மச்சான் லொசானில் இருக்கிறான். டுஃபோர் இருக்கிற ஜூ பள்ளத்தாக்கு அங்கேயிருந்து காரில் ஒரு மணித்தியாலம் வரும். போய்ப் பார்த்துவிட்டு வாடா, பட்டறை வாசலையாவது ஒரு படம் எடுத்து அனுப்படா என்று மன்றாடியிருக்கிறேன். ஒரு குளிர்காலத்தில் போனான். அங்கே உள்ள ஏரி உறைந்துவிட்டதாம், பிள்ளைகளுக்குச் சறுக்கிக் காட்டப் போனானாம். அனுப்பிய படங்களில் பனி இருந்தது, சீஸ் உருக்கிய சட்டி இருந்தது, அவனுடைய வண்டி இருந்தது. பட்டறை இல்லை. "அங்க எல்லாம் ஒரே மாதிரி வீடு அத்தான்" என்றான். முட்டுக்காய்த் தேங்காயைப் பிடித்த நாய் உருட்டவும் மாட்டாது, தின்னவும் மாட்டாது என்று நான் சொன்னதை அவன் தாயிடம் சொல்லவில்லை, நல்ல காலம்.

சரி, கோச்சிக்கு வருகிறேன்.

கோட்டையில் ஏறும்போதே சனம். மாமிக்கு மட்டும் ஒரு பொடியன் எழும்பி இடம் கொடுத்தான். நான் சீலைப் பையோடு வாசலுக்குப் பக்கத்தில். கொள்ளுப்பிட்டி தாண்டினதும் கடல் வந்துவிடும்தானே, வெள்ளைக்காரர்கள் எல்லாம் வாசலுக்கு வந்துவிடுவார்கள். ஒருவர் வெளியே உடம்பை நீட்டித் தொங்க, மற்றவர் படம் எடுக்க, உள்ளே நிற்கிற கந்தோர்ச் சனம் பெருமூச்சு விட. அன்றைக்கும் அப்படித்தான். ஐம்பது ஐம்பத்தைந்து வயது மதிக்கக்கூடிய ஒருவர், யானைப் படம் போட்ட தொளதொள காற்சட்டையோடு தொங்குகிறார். அவருடைய மனுசி படம் எடுக்கிறா. கம்பியைப் பிடித்திருந்த இடது கை எனக்கு நேர் எதிரே, ஒரு சாண் தூரத்தில்.

முதலில் நீலம்தான் தெரிந்தது. சாதாரண நீலம் இல்லை. கண்ணாடிபோல மினுங்குகிற நீலம். கோச்சி ஆட ஆட அது ஒரு கணம் கறுப்பாகும், அடுத்த கணம் கடலின் வெளிச்சத்தைப் பிடித்து ஊதாவாகும். பால்வெள்ளை எண்கள். செக்கன் முள்ளின் சின்ன வட்டம் நடுவில் இல்லாமல் இடப்பக்கம் கீழே ஒதுங்கி, ஏழுக்கும் எட்டுக்கும் இடையில். சுற்றிவர மங்கிய சாம்பல் நிறத்தில் உலோகம்.

எனக்குக் கால் நடுங்கத் தொடங்கியது. எஃப்.பி. ஜூர்ன். க்ரோனோமெத்ர் ப்ளூ. மார்செய்யில் பிறந்து ஜெனீவாவில் பட்டறை போட்ட பிரான்சுவா-போல் ஜூர்ன் 2009இல் கொண்டுவந்தது. வெளிக்கூடு டாண்டலம், அறுக்கவும் மினுக்கவும் ஆளைக் கொல்லுகிற உலோகம். உள்ளே இயந்திரத்தின் தகடும் பாலங்களும் பதினெட்டு கரட் தங்கம். பித்தளை இல்லை, தங்கம்! வெளியே சாம்பல், உள்ளே தங்கம். எங்கள் ஆட்கள் என்றால் மாறித்தான் செய்வோம். அந்தப் பட்டறையில் இருந்து எல்லா வகையும் சேர்த்து வருசத்துக்கு ஆயிரம்கூட வெளியே வருவதில்லை. அதில் ஒன்று பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் இடையில் உப்புக்காற்றில் தொங்குகிறது. அன்றைக்கென்று கடலும் ஒரு முறை நன்றாக அடித்துத் தெறித்தது. நான் "ஐயோ" என்று கத்தியே விட்டேன்.

அந்த மனுசர் திரும்பிப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மெல்ல உள்ளே வந்தார். மற்றக் கையால் மணிக்கூட்டைப் பொத்தினார். அவருடைய மனுசி தோள்பையை முன்பக்கம் இழுத்துக்கொண்டா. பக்கத்தில் நின்ற இரண்டு பேர் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். அந்த வேளை பார்த்து மாமி தன் இடத்தில் இருந்தபடியே, வண்டிக்கே கேட்கிற குரலில், "தம்பி, அந்தாளின்ர கையை ஏன் அப்பிடிப் பாக்கிறியள்?" என்றார்.

ஆங்கிலத்தில் எனக்கு வந்த ஒரே வசனம், "அது ப்ளூதானே?" என்பதுதான்.

மனுசரின் முகம் மாறிய விதத்தைப் பார்த்திருக்க வேண்டும். பெல்ஜியத்தில் பல் வைத்தியராம். ஊரில் பேஷன்ற்மார், நண்பர்கள், சொந்தத் தங்கை உட்பட ஒருவரும் இதுவரை அந்த மணிக்கூட்டைக் கண்டுபிடித்ததில்லையாம். தங்கச்சி அதை ஏதோ ஃபாஷன் மணிக்கூடு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாவாம். இப்போது கொழும்புக் கோச்சியில் சீலைப் பையோடு நிற்கிற ஒருவன் பெயர் சொல்கிறான். அவருக்குக் கண் கலங்காதது ஒன்றுதான் குறை. அந்த உற்சாகத்தில் வாரைக் கழற்றி, ஆடிக்கொண்டிருக்கிற கோச்சியில், திறந்து கிடக்கிற வாசலுக்குப் பக்கத்தில், என் கையில் மணிக்கூட்டை வைத்துவிட்டார்.

பாரம். பார்த்தால் தெரியாத பாரம். முகப்பில் என் மூஞ்சியே தெரிந்தது, வியர்த்து வடிந்து. திருப்பினேன். கண்ணாடிக்குள் தங்கம், நெல்மணி நெல்மணியாகக் கடைந்த கோலம். சக்கரம் இடமும் வலமும் துடிக்கிறது, செக்கனுக்கு ஆறு துடிப்பு. என் கையில் கிடந்த பழைய சீக்கோ ஃபைவுக்கும் அதே ஆறு துடிப்புதான். இரண்டும் ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில் அது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது என்று வீட்டுக்காரியிடம் சொல்லிப் பார்த்தேன், விளங்கவில்லை.

சாவியைத் தொடலாமா என்று கேட்க வாயைத் திறந்தேன். ஜூர்ன் ஒன்றுக்கு ஒரு தரம் சாவி கொடுத்துப் பார்ப்பது என்பது வருசக்கணக்கான ஆசை. என் சீக்கோவுக்குக் கையால் சாவி கொடுக்க வழியே இல்லை, கையை ஆட்டத்தான் வேண்டும்.

"உங்கால தாங்கோ, விழுத்திப்போடுவியள்" என்று ஒரு கை நீண்டது. மாமி.

கொடுத்துவிட்டேன். எங்கள் வீட்டில் மாமி தாங்கோ என்றால் கொடுப்பதுதான் பழக்கம். வாங்கிக் காதில் வைத்தார். கண்ணைச் சுருக்கினார். "சாவி குடுக்கிற மணிக்கூடே?" என்றார். பல் வைத்தியருக்கு நான் மொழிபெயர்க்க, அவர் பெரிய மனதோடு, கொடுக்கட்டும் என்று கையைக் காட்டினார்.

பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்து மாமி சாவி கொடுத்தார். நான் வீடியோக்களில் பார்த்த எந்தத் தொழில்காரனும் அப்படிக் கொடுத்ததில்லை. அவசரமில்லை, இழுபறி இல்லை, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே அளவு. ஓரிடத்தில் தானாகவே நிறுத்தினார். "இதுக்கு மேல குடுத்தால் வில் அறும். மாமாவுக்கு எத்தினை தரம் சொன்னாலும் கேக்க மாட்டார், முறிச்சுப்போடுவார். அதுதான் கந்தோருக்கு வெளிக்கிட முதல் நான்தான் குடுத்து மேசையில வைக்கிறது" என்றார். மாமா போய் எவ்வளவு காலம். அந்த மணிக்கூட்டைப் பற்றி மாமி கதைத்து நான் கேட்டதே இல்லை. வண்டி ஆடியது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த நிமிடமே மாமி முகப்பைத் திருப்பிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மாட்டிப் பார்த்தார்.

"தம்பி, திகதி எங்க?"

"இதில திகதி இல்லை மாமி."

"கிழமை?"

"அதுவும் இல்லை."

என் சீக்கோவைப் பார்த்தார். அதில் திகதியும் இருக்கிறது, கிழமையும் இருக்கிறது. பல் வைத்தியரை இரக்கத்தோடு பார்த்து, மணிக்கூட்டை முந்தானையால் ஒரு தரம் துடைத்து, அவருடைய உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். "பாவம், வடிவாத்தான் இருக்கு" என்றார். மனுசர் நெஞ்சில் கை வைத்துக் குனிந்து நன்றி சொன்னார். ஆசீர்வாதம் கிடைத்தது என்று நினைத்திருப்பார். வெள்ளவத்தை வந்துவிட்டது, இறங்கினோம். நான் சாவி கொடுக்கவில்லை. ஒரு சுற்றுக்கூட இல்லை. படமும் எடுக்கவில்லை, என் இரண்டு கையிலும் சீலைப் பை.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மாமி அன்றிரவே லண்டன், ஸ்காபறோ, லொசான் எல்லாவற்றுக்கும் போன் எடுத்துவிட்டார். லண்டனுக்குச் சொன்னபோது அது வெள்ளைக்காரன் ஒருவன் காட்டிய மணிக்கூடு. ஸ்காபறோவுக்குப் போகும்போது கோச்சியில் விற்க வந்த மணிக்கூடு. லொசானுக்குப் போய்ச் சேர்கையில், திகதி இல்லாத மணிக்கூட்டைக் கோடி ரூபா சொல்லித் தம்பியின் தலையில் கட்டப் பார்த்த கள்ளனிடமிருந்து மாமிதான் பறித்துத் திருப்பிக் கொடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றியிருக்கிறார்.

நேற்று மச்சான் எடுத்தான். குரலில் ஒரே அனுதாபம்.

"கவலைப்படாதேங்கோ அத்தான், அம்மா எல்லாம் சொன்னவ. இங்க சுப்பர்மார்க்கெற்றில பாதி விலைக்குப் போட்டிருக்கிறாங்கள். திகதி, கிழமை ரெண்டும் இருக்கு, பற்றரி மூண்டு வருசம் நிக்குமாம். ரெண்டு எடுத்திட்டன்."