சுவருக்குள் பதியும் குழாயைத் தேர்ந்தெடுத்த அனுபவம்

புதிய வீட்டின் சுவர்கள் எழும்பிய பிறகு, பூச்சு வேலை தொடங்குவதற்குள் தண்ணீர்க் குழாய் எந்தப் பொருளில் இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்தாக வேண்டியிருந்தது. எது அதிக ஆண்டுகள் உழைக்கும் என்று குழாய்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்த என்னிடம், வேலையை மேற்பார்வையிட்ட பொறியாளர், நேராக ஓடும் குழாயின் உடலில் கசிவு ஏற்படுவது அரிது என்றும், எல்போ, டீ, கப்ளிங் என்று இணைப்பு விழும் இடங்களில்தான் பெரும்பாலும் கசியும் என்றும் சொன்னார். அதன் பின் ஒவ்வொரு குழாயையும், அதன் இணைப்பு எப்படிப் போடப்படுகிறது என்பதை வைத்தே பார்க்கத் தொடங்கினேன்.

அப்படிப் பார்த்தபோது ஜி.ஐ. எனப்படும் இரும்புக் குழாயை ஒதுக்க அதிக நேரம் ஆகவில்லை. துருவைத் தடுப்பதற்காகப் பூசப்பட்ட துத்தநாகம், இணைப்புக்காக மரை (திருகுப் புரி) வெட்டும்போது அந்த இடத்தில் போய்விடுகிறது. குழாயின் சுவரும் அங்கேதான் மெலிகிறது. செம்பு உறுதியானதுதான் என்றாலும், தண்ணீர் அமிலத்தன்மையுடன் இருந்தால் அதில் ஊசித்துளைகள் விழக்கூடும். பற்றவைப்பதற்கும் தேர்ந்த கை வேண்டும்.

யு.பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக் குழாய் குளிர்ந்த நீருக்கு நல்லது. ஆனால் சுமார் 60 டிகிரி செல்சியசுக்கு மேல் அது தாங்காது என்பதால், கீசருக்குப் போகும் வரும் வழிகளில் அதைப் போட முடியாது. சி.பி.வி.சி. என்னும் மற்றொரு பிளாஸ்டிக் குழாய் ஏறக்குறைய 93 டிகிரி வரை தாங்கும். இங்கே கவனிக்க வேண்டியது, குழாயின் மீது அச்சிடப்படும் அழுத்த அளவு எந்த வெப்பநிலைக்கு உரியது என்பது. எஸ்.டி.ஆர். 11 வகைச் (வெளி விட்டம் சுவர்த் தடிமனைப் போல 11 மடங்கு உள்ள) சி.பி.வி.சி. குழாய் 23 டிகிரியில் சுமார் 28 பார் அழுத்தம் தாங்கும். அதே குழாய் 82 டிகிரியில் சுமார் 7 பார்தான் தாங்கும். பத்து மீட்டர் உயரத்தில் உள்ள தொட்டி தருவது ஏறக்குறைய 1 பார் மட்டுமே என்பதால் இது போதுமானதே. அழுத்த மோட்டார் பொருத்துகிறவர்கள் மட்டும் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

நான் நெடுநேரம் தயங்கியது பி.பி.ஆர். என்னும் இன்னொரு பிளாஸ்டிக் குழாய்க்கும் சி.பி.வி.சி.க்கும் இடையில்தான். பி.பி.ஆர். குழாயையும் இணைப்பையும் 260 டிகிரியில் உருக்கி ஒட்டுவதால், இரண்டும் ஒரே உடலாகிவிடுகின்றன. சி.பி.வி.சி.யில் தடவுவது போன்ற பசைக்கு அங்கே வேலையே இல்லை. கேட்பதற்கு இதைவிடப் பாதுகாப்பான முறை இருக்க முடியாது என்று தோன்றும். ஆனால் 20 மி.மீ. குழாயை ஐந்து விநாடிதான் சூடாக்க வேண்டும். கூடினால் உருகிய பொருள் உள்ளே திரண்டு வழியை அடைக்கும், குறைந்தால் ஒட்டு நிற்காது. சுவரில் வெட்டிய காடியின் மூலையில் சூடாக்கும் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு இந்தக் கணக்கைக் காப்பது எளிதல்ல. மேலும், பத்து மீட்டர் நீளக் குழாயில் வெப்பம் 40 டிகிரி உயர்ந்தால் சாதாரண பி.பி.ஆர். சுமார் 60 மி.மீ. நீளும், சி.பி.வி.சி. சுமார் 25 மி.மீ. தான். எங்கள் பிளம்பரின் கை பழகியதும் சி.பி.வி.சி.யில்தான். பழகாத கையில் உயர்ந்த பொருளைக் கொடுப்பதைவிட, பழகிய கையில் போதுமான பொருளைக் கொடுப்பதே கசிவைத் தடுக்கும் என்று தோன்றியதால் அதையே முடிவு செய்தேன்.

அதற்குச் சில நிபந்தனைகளும் வைத்துக்கொண்டோம். யு.பி.வி.சி.க்கு உரிய பசையைச் சி.பி.வி.சி.யில் தடவக் கூடாது. வெட்டிய முனையின் பிசிறை நீக்கி, ஈரம் துடைத்து, பசை தடவியதும் கால் சுற்று திருப்பிச் செருகி, சுமார் அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். பசை அதிகமானாலும் கெடுதல்தான். உள்ளே தேங்கும் பசை குழாயின் சுவரை இளக்கிவிடும். குழாயும் இணைப்புகளும் ஒரே நிறுவனத்தினுடையவையாக இருக்க வேண்டும். தண்ணீர் திறந்து மூடும் திருகுக் குழாய் பொருத்தும் இடங்களில் பித்தளை மரை உள்ள இணைப்புகளையே வாங்கினோம். அவற்றில் சணலும் பெயின்டும் சுற்றும் பழைய வழக்கத்தை விட்டு, டெஃப்ளான் டேப்பை மட்டும் பயன்படுத்தச் சொன்னோம்.

பசை முழுவதும் காய்ந்த பிறகு, பூச்சுக்கு முன்பாக, முனைகளை எல்லாம் அடைத்து, உள்ளிருந்த காற்றை வெளியேற்றி, கைப் பம்பினால் நீரின் அழுத்தத்தை இயக்க அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்காக ஏற்றிச் சோதித்தோம். பிளாஸ்டிக் குழாயைக் காற்றழுத்தத்தால் சோதிப்பது ஆபத்து. உடைந்தால் துண்டுகள் வெடித்துச் சிதறும். எங்கள் சோதனையில் ஒட்டிய இணைப்புகள் ஒன்றும் கசியவில்லை. அழுத்தமானியின் முள் மெல்ல இறங்கியதற்குக் காரணம் குளியலறையில் ஒரு மரை இணைப்பு. அதைக் கழற்றி, புதிதாக டேப் சுற்றி, மறுபடி சோதித்தோம். பிறகு அளவு நாடாவைச் சுவரில் பிடித்துக் குழாய் போகும் வழிகளைப் படமெடுத்து வைத்துக்கொண்டு பூச்சுக்கு அனுமதித்தோம்.