காற்றாலை நாணயம் வாங்கி ஊருக்குக் கொண்டு வந்த கதை

செக் நாட்டில் ப்ர்னோ நகரில் வேலை பார்த்த காலத்தில் ஒரு தங்க நாணயத்தின் மேல் எனக்கு ஒரு கண். செக் தேசிய வங்கி 2006 முதல் 2010 வரை, பழைய தொழில்கூடங்களையும் கட்டுமானங்களையும் நினைவுகூர்ந்து வருஷத்துக்கு இரண்டாகப் பத்துத் தங்க நாணயம் வெளியிட்டது. பில்சன் பீர் ஆலை, ஒஸ்ட்ராவா நிலக்கரிச் சுரங்கம், வெல்கே லோசினி காகித ஆலை எல்லாம் அதில் உண்டு. 2009இல் வந்தது ருப்ரெக்டோவ் காற்றாலை. 1873இல் மாவு அரைக்கக் கட்டியது. பிறகு ஒரு மில்காரர் நான்கு இறக்கைகளையும் கழற்றிவிட்டு, அமெரிக்கப் பண்ணைகளில் தண்ணீர் இறைக்கிற, விசிறி போலப் பல தகடு வைத்த ஹாலடே சக்கரத்தை மேலே ஏற்றிவிட்டார். ஐரோப்பியக் கோபுரத்துக்கு அமெரிக்கத் தலை! அந்தத் துணிச்சலுக்காகவே பத்தில் இதுதான் வேண்டும் என்று நின்றேன்.

வெளியீடு முடிந்து வருஷக்கணக்காகிவிட்டதால் நாணயக் கடைகளில்தான் தேட வேண்டியிருந்தது. முகமதிப்பு 2500 செக் கொருனா. அந்த விலைக்கு யார் தருவார்கள்? 999.9 தங்கம், 7.78 கிராம். அன்றைய தங்க விலை, அதற்கு மேல் கடைக்காரர் வைத்த விலை. இதில் சாதா, ப்ரூஃப் (சேகரிப்பவர்களுக்காகக் கண்ணாடி போல் பளபளப்பாக அச்சடிப்பது) என்று இரண்டு ரகம். ஒரு கடையில் ப்ரூஃப் என்று சொல்லி எடுத்து வைத்தார்கள். பிளாஸ்டிக் கூட்டைச் சாய்த்து விளிம்பைப் பார்த்தேன். வரிவரியாக இருந்தது. இந்த வரிசையில் ப்ரூஃபுக்கு விளிம்பு மழமழவென்று இருக்கும். வரி போட்டது சாதா. சொன்னதும் கடைக்காரர் வாங்கி லென்ஸில் பார்த்தார். ஒரு வார்த்தை பேசாமல் விலையைக் குறைத்தார். எனக்குச் சாதாவே போதும், முடித்துவிட்டேன். ரசீதில் நாணயத்தின் பெயர், ஆண்டு, எடை, தூய்மை நான்கையும் எழுதி வாங்கினேன்.

ஊருக்குக் கிளம்பும்போது, "ஒரு காசுதானே, பர்ஸில் போட்டுக்கிட்டு நடங்க" என்றார்கள் நண்பர்கள். ஆனால் இந்தியச் சுங்கத்தில், வெளிநாட்டில் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு வருபவர்களுக்குத் தங்கத்தில் கிடைக்கும் வரிவிலக்கு நகைக்கு மட்டும்தான். நாணயம் அதில் சேராது, எவ்வளவு சின்னதாக இருந்தாலும். ஆறு மாதத்துக்கு மேல் தங்கியிருந்தால் சலுகை வரி உண்டு. அதை வெளிநாட்டுப் பணத்தில் கட்ட வேண்டும். அதனால் யூரோவைக் கையிலேயே வைத்திருந்தேன்.

சென்னை விமான நிலையத்தில் ரெட் சேனல், அதாவது வரி கட்ட வேண்டிய பொருள் இருப்பவர்கள் போகும் சுங்க வழி. அதிகாரி பாஸ்போர்ட் முத்திரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார், நாணயத்தை எடை போட்டார், ரசீதோடு ஒத்துப் பார்த்தார். "என்ன சார், தங்கக் காசுல டேபிள் ஃபேன் போட்டிருக்கு?" காற்றாலைக் கதையைச் சொன்னேன். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது, அவருக்கு அவசரமில்லை. வரியைக் கட்டி வாங்கிய சீட்டைக் கடை ரசீதோடு பின் அடித்து வைத்திருக்கிறேன்.