லேபர் சர்வேல எங்கம்மாவ கோடு 92-லயிருந்து வெளிய எடுத்த கதை

பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் இருக்கறவங்க, யாரு என்ன வேலை பாக்கறாங்கன்னு கணக்கெடுக்கற மத்திய அரசோட லேபர் ஃபோர்ஸ் சர்வே உங்க வீட்டுக்கு விழுந்துச்சுன்னா கதவத் தெறக்கறதுக்கு முன்னாடி இத ஒருக்கா படிச்சிருங்க.

டேப்லெட்ட தூக்கிட்டு அந்தத் தம்பி மொத வந்தப்ப வீட்ல அப்பா மட்டுந்தான். குடும்பத் தலைவர் யாருன்னு கேட்டதும் "நாந்தான்". ரேஷன் கார்டுல அம்மாதான் தலைவி, 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 முடிஞ்ச மூத்த பொம்பளதான் அதுல வரணும், ஆனா சர்வேக்கு அது செல்லாது, வீட்ல இருக்கறவங்க யாரச் சொல்றாங்களோ அவங்கதான் தலைவர், அதனால இதுக்கு மல்லுக்கட்டி பிரயோஜனமில்ல. மாடில தனியா அடுப்பு வெச்சிருக்கற அண்ணன் குடும்பம் தனிக் குடும்பமாப் போச்சு, சமையல் ஒண்ணா இருந்தாத்தான் ஒரே குடும்பம், அதுவும் சரி.

எரிச்சல் அடுத்ததுலதான். "சேச்சிக்கு ஜோலி ஒண்ணுமில்லல்லோ"ன்னு அந்தத் தம்பி கேக்க, "வீட்லதான் இருக்கா"ன்னு அப்பா சொல்ல, அம்மாவுக்கு 92-ங்கற கோடு விழுந்துருச்சு, அதாவது வீட்டுவேலை மட்டும். காலைல மாடு கறக்கறது, புல்லறுக்கறது, சாணி அள்றது, கேன தூக்கிட்டு பால் சொசைட்டிக்குப் போறது எல்லாம் அம்மா. சொசைட்டி புக்கு அப்பா பேர்ல இருக்கறதால அதே பாலுக்கு அப்பாவுக்கு 11, சொந்தத் தொழில்! சொன்னா நம்பமாட்டீங்க, கேன் எவ்வளவு கனம்னுகூட அவருக்குத் தெரியாது.

லீவு போட்டு பஸ் புடிச்சு பாலக்காட்டுல சர்வே ஆபீஸ்ல போய்க் கேட்டா, அங்க இருந்தவரு மொகத்தக்கூட நிமுத்தாம "டேட்டா போயாச்சு, அடுத்த விசிட்ல பாத்துக்கலாம்"னுட்டாரு. போகாதீங்க, வீண். 2025-லயிருந்து கிராமத்துலயும் ஒரே வீட்டுக்கு நாலு மாசம் தொடர்ந்து வர்றாங்க, அந்த விசிட்டுக்கே காத்திருங்க.

திரும்பி வந்தப்ப அம்மாவையே உக்கார வெச்சோம். இங்கதான் சூட்சுமம். வருசக் கணக்குல அதிக நேரம் எதுல போச்சுன்னு பாப்பாங்க, அதுல சமையக்கட்டுதான் ஜெயிக்கும், மாட்டுவேலை 30 நாளாச்சும் இருந்தா துணை வேலையாத்தான் ஏறும். ஆனா போன ஏழு நாள் கணக்குல ஏதாச்சும் ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை பாத்திருந்தாலே போதும், வேலைல இருக்கறவங்கன்னு ஏறும். பால் விக்காம வீட்டுக்கே ஊத்தினாக்கூட அது வேலைதான். சோறு பொங்கறது, பேரனப் பாத்துக்கறது கணக்குல வராது. அதெல்லாம் ஒரு நாள்ல எதுக்கு எவ்வளவு நேரம் போகுதுன்னு கேக்கற டைம் யூஸ் சர்வேலதான், 2024-ல வீட்டுவேலை பாக்கற பொம்பளைங்களுக்கு நாளைக்கு 289 நிமிசம், ஆம்பளைங்களுக்கு 88-ன்னு வந்துச்சு, அப்பாவச் சேத்திருந்தா அந்த 88-உம் எறங்கிருக்கும்.

அம்மா நாள்வாரியா மணி போட்டுச் சொல்லச் சொல்ல அந்தத் தம்பி பேச்சில்லாம அழிச்சுட்டு 21 போட்டாரு, குடும்பத் தொழில்ல சம்பளமில்லாத ஒதவியாள். ஜெயிச்சோம்னு பாத்தா அம்மா, "அப்ப மொதலாளி யாரு தம்பி?"ன்னாங்க.

இப்ப சொசைட்டி புக்க அம்மா பேருக்கு மாத்த எழுதிக் குடுத்திருக்கோம். அப்பா கையெழுத்துப் போட்டுட்டாரு, மொனகிக்கிட்டேதான்.