ஐந்து இலைக்கு மேல் தராத யானைக்காது

போன வருடம் மார்ச்சில் சிங்கப்பூரில் ஒரு நாற்றுப்பண்ணையில் 18 வெள்ளி (டாலர்) கொடுத்து வாங்கிய அலோகேசியா, அதாவது யானைக்காதுச் செடி இது. அப்போது மூன்றே இலை, பெரியது 31 சென்டிமீட்டர். வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்கில் பத்தாவது மாடி, நடைவழி கிழக்கைப் பார்த்தது, பத்தரை மணி வரை வெயில் வரும்.

கொண்டுவந்து வைத்த அன்றே அம்மா ஆசையாகத் தடவிப் பார்த்து, "சேம்புதானே? இலையைச் சமைக்கலாமா?" என்றார். சேம்பு இலையில் தண்ணீர் முத்து முத்தாக உருளும், காம்பு இலையின் உள்பக்கம் தள்ளிச் சேரும், இலையும் கீழே தொங்கும். இது பளபளவென்று இருக்கும், பெரும்பாலும் நுனி வானத்தைப் பார்க்கும். "வாயில் வைத்தால் நாக்கு வீங்கிடும்மா" என்றேன். சாற்றில் ஊசி ஊசியாக ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன. சேம்பிலும் உண்டு, அதனால்தான் அதை நன்றாக வேகவைக்கிறோம். இதை நான் சோதித்துப் பார்க்கப் போவதில்லை.

எனக்கு இலை எண்ணும் பைத்தியம் பிடித்தது. ஏப்ரலில் நான்கு, மேயில் ஐந்து. ஜூனில் எண்ணினால் மறுபடி நான்கு! புதுச்சுருள் விரிந்த அதே வாரம் அடியிலை மஞ்சளாகிச் சாய்ந்துவிட்டது. தண்ணீர் போதவில்லை என்று முடிவுகட்டி, தினமும் காலையும் மாலையும் ஊற்றினேன். அப்புறம் இன்னொரு இலையும் போனது.

விரலை மண்ணில் விட்டுப் பார்த்தபோதுதான் உறைத்தது. மேலே காய்ந்த தேங்காய்நார்த் தூள், இரண்டு கணு ஆழத்தில் சொதசொத. சிங்கப்பூர்க் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு அது எங்கே காயும்? செடியைக் கவிழ்த்தேன். வேரில் பாதி பழுப்பு, தொட்டால் தோல் உரிந்து வருகிறது, சாக்கடை வாடை. அழுகியதையெல்லாம் வெட்டி, மரப்பட்டைத் துண்டு, பெர்லைட் (லேசான வெள்ளை எரிமலைக்கல் மணிகள்), கொஞ்சம் அடுப்புக்கரி, பழைய மண் கால் பங்கு எல்லாம் கலந்து நட்டேன். கலவையில் ஊற்றிய தண்ணீர் சில நொடியில் கீழே ஓடிவிட வேண்டும், அதுதான் என் அளவு. வேரோடு மொச்சைக்கொட்டை அளவில் நான்கு குட்டிக் கிழங்குகள் கிடைத்தன. ஈரப்பாசியில் வைத்ததில் இரண்டு முளைத்தன.

அதே சமயம் தொட்டியைக் கதவோரத்திலிருந்து கைப்பிடிச் சுவரின் உள்பக்கம் நகர்த்தினேன். மெதுவாகக் கரையும் உர மணிகளும் போட்டேன். வெளிச்சமா, உரமா, எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. நான்தான் ஒரே வாரத்தில் இரண்டையும் செய்துவிட்டேனே. அடுத்த இலை 46 சென்டிமீட்டர், அதற்கடுத்தது 55. எண்ணிக்கை மட்டும் நான்கு, ஐந்து, நான்கு.

ஆகஸ்டில் ஒரு விடியற்காலை சுமத்ராக் காற்று (சுமத்ரா பக்கமிருந்து திடீரென மழையோடு வரும் பலத்த காற்று) அடித்து ஒரு காம்பை ஒடித்துப் போட்டது. வெறுங்கையால் வெட்டினேன். மணிக்கட்டில் அரைமணி நேரம் அரிப்பு. இப்போது கையுறை இல்லாமல் தொடுவதில்லை.

பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஒரு நாள், "காலையில் தண்ணி ஊத்திட்டுத் தரையைத் துடைக்க மாட்டியா?" என்றார். நான் ஊற்றவே இல்லை. மறுநாள் ஆறரைக்கு எழுந்து பார்த்தேன். இலை நுனியில் ஒரு துளி திரண்டு, கனத்து, கண்ணெதிரே சொட்டியது. அடுத்த துளி உடனே ஊறத் தொடங்கியது. இரவில் காற்று ஈரமாக இருக்கும்போது இலை வழியாக நீர் ஆவியாவது குறைந்துவிடும், வேர் மட்டும் தண்ணீரை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும், அந்த மிச்சம்தான் நுனியில் வடிகிறது. ஆன்ட்டியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அழுவுதா?" என்று சிரித்தார். நுனிக்கு நேர்கீழே ஒரு பழைய துணி போட்டுவிட்டேன்.

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்கக் கூடாது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். கொசுச் சோதனைக்கு வந்த அதிகாரி தட்டை விட்டுவிட்டு, காம்புகளின் அடிமடிப்பில்தான் டார்ச் அடித்துப் பார்த்தார். அங்கேயும் மழைநீர் நிற்கும் என்பது எனக்கு அன்றுதான் தோன்றியது. முட்டையிலிருந்து கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் போதுமாம். தட்டையே எடுத்துவிட்டுத் தொட்டியைச் செங்கல் மேல் வைத்தேன், மடிப்பில் நிற்பதை இரண்டு நாளுக்கு ஒருமுறை துணியால் ஒற்றி எடுக்கிறேன்.

இப்போது பெரிய இலை 64 சென்டிமீட்டர். நடைவழியில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும், அதனால் இலையை அளக்கும்போதே வழியையும் அளக்கிறேன். வழிப்பக்கம் சாய்ந்த காம்பை மூங்கில் குச்சியோடு கட்டியிருக்கிறேன்.

இன்று காலை ஐந்து இலை. ஆறாவது சுருள் பாதி விரிந்திருக்கிறது, அடியிலையின் ஓரத்தில் மஞ்சள் ஏறிவிட்டது. முன்பெல்லாம் அதைப் பார்த்ததும் கத்தரிக்கோலைத் தேடுவேன். பழைய இலையிலிருந்து சத்தை உறிஞ்சித்தான் செடி புதியதற்குக் கொடுக்கிறது. முழுசாகப் பழுத்து, லேசாக இழுத்தால் கழன்று வரட்டும். அம்மா கேட்டார், "அப்போ மறுபடி ஐந்துதானா?" ஆமாம், ஐந்துதான்.