விக்கியின் அடியில் போடாமல் விட்ட ஒரு வரி

2019 இல் கல்லடியில் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து லிப்ரெஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளுக்குத் தமிழில் வழிகாட்டி எழுத ஒரு விக்கி, அதாவது பலர் சேர்ந்து எழுதித் திருத்தும் இணையத்தளம், தொடங்கினோம். உரிமம் என்னவென்று எங்கேயும் போடவில்லை. சும்மாதானே எழுதுகிறோம், யார் எடுத்தால் என்ன என்ற நினைப்பு.

போன வருடம் ஒரு டீச்சர் அதை அச்சடித்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டபோதுதான் முழித்தோம். இலங்கையின் 2003 ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியவர் வாயே திறக்காவிட்டாலும் உரிமை அவருடையதுதான், அதுவும் அவர் இறந்து 70 வருடம் வரை. ஆக விக்கியை நடத்துகிற நாங்கள் நினைத்தபடி ஓர் உரிமத்தை ஒட்டிவிட முடியாது, எழுதிய ஒவ்வொருவரும் சம்மதிக்க வேண்டும்.

கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய்-எஸ்ஏ 4.0 என்ற பொது உரிமம் என்று முடிவு செய்தோம். பெயரைச் சொல்லி யாரும் எடுக்கலாம், விற்கவும் செய்யலாம், மாற்றி வெளியிட்டால் அதே உரிமத்தில் விட வேண்டும். விக்கிப்பீடியாவும் 2023 இல் இருந்து அதுதான். அப்புறம் யார் எதை எழுதினார் என்று காட்டும் விக்கியின் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து பயனர் பெயர்களைக் கொப்பியில் எழுதிக்கொண்டு ஆள் தேடக் கிளம்பினேன்.

காத்தான்குடி சேர் சிரித்தார். "நான் எழுதினத எடுக்க என்னட்டயே கேக்கயா? எடு தம்பி." வாய்ச்சொல் போதாது சேர் என்று கெஞ்சி, பயனர் பெயரோடு வாட்ஸ்அப்பில் ஒரு வரி வாங்குவதற்குள் இரண்டு பிளேன்டீ முடிந்தது.

லிப்ரெஆபிஸின் சொந்தக் கையேட்டில் இருந்து மொழிபெயர்த்த பக்கங்களில் தலையிடி இல்லை. அது பெயரைச் சொன்னால் போதும் என்கிற பிஒய் 4.0 இல் கிடைப்பதால் மூலத்தின் பெயரையும் இணைப்பையும் சேர்த்ததோடு சரி (இத்தனை வருடமாகச் சேர்க்காமல் இருந்தது வெட்கம்தான்). மெயில் மேர்ஜ், அதாவது ஒரே கடிதத்தைப் பல பெயர்களுக்குத் தயாரிப்பது பற்றிய பக்கம்தான் வம்பு. யாரோ ஒருவர் வணிகப் பயன்பாடு கூடாது என்று போட்டிருந்த பதிவில் இருந்து அப்படியே அள்ளியது, அதை பிஒய்-எஸ்ஏக்குள் கொண்டுவர முடியாது. செய்முறை யாருக்கும் சொந்தமில்லை, சொல்லியிருக்கும் விதம்தான் சொந்தம். அதனால் அந்தப் பதிவைப் படித்தே இராத தம்பி ஒருவனைக் கணினி முன் இருத்தி, ஒவ்வொரு கிளிக்காகச் செய்யவிட்டு, அவன் சொல்லச் சொல்ல எழுதினேன்.

கட்டார் போன ஒருவர் மட்டும் அகப்படவில்லை. நம்பர் மாறிவிட்டது, மின்னஞ்சலும் திரும்பி வந்தது. பக்க எண் போடுவது பற்றி அவர் எழுதியதை எடுத்துவிட்டேன். மூன்று நாளாகப் புதிதாக எழுதிப் பார்க்கிறேன், பாழாய்ப்போன அவருடைய உவமைதான் திரும்பத் திரும்பக் கைக்கு வருகிறது.